மொறிஸ் மைனரும் கார்த்திகை மழையும்

2018ஆம் ஆண்டு கார்த்திகை மழை தொடங்கி மூன்றாம் நாள் காலையில் எங்கள் மொறிஸ் மைனரின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தேன். மூன்று மாதங்களுக்கு முன்னர் புதிதாகப் போட்ட கதவு உட்பலகையின் கீழ் ஓரம், எண்ணெயில் விழுந்த அப்பளம் போலப் பொங்கி, கதவுத் தகட்டை விட்டு ஓர் அங்குலம் வெளியே வந்து நின்றது. விரலால் அழுத்தியபோது ரெக்சினுக்குப் பின்னாலிருந்த அட்டை, தேநீரில் தோய்த்த பாணைப் போல உள்ளே அமிழ்ந்தது. மற்ற மூன்று கதவுகளையும் திறந்து பார்த்தேன். அவற்றில் இரண்டுக்கு இதே கதி. பின்னிருக்கைக்கு முன்னால் விரித்திருந்த விரிப்பின் கீழ் இரண்டு சிரட்டை அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "ஒழுகிற மூக்கைத் துடைக்காமல் முகத்துக்குப் பவுடர் பூசினால் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் மறுக்க எதுவும் இருக்கவில்லை. பழைய கார் ஒன்றின் உட்பக்கத்தைத் திருத்தப் புறப்படுகிற எவரும் முதலில் இருக்கையைத்தான் பார்க்கிறார். கிழிந்த ரெக்சின் கண்ணில் படும், தண்ணீர் வரும் வழி கண்ணில் படாது. நானும் அவ்வாறே இருக்கையில் தொடங்கி, கதவுப் பலகைக்குப் போய், விரிப்பில் முடித்து, நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டியும் விட்டேன். மழைக்குப் பிறகு அந்த வேலையில் பாதியைக் கழற்றி எறிந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டு தடவை செய்த அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கார் 1958ஆம் ஆண்டுத் தயாரிப்பு: மைனர் 1000, நான்கு கதவு, சாம்பல் நிறம். அம்மாவின் தகப்பனார் 1966இல் கொழும்பில் பாவித்த காராக வாங்கி யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிவந்தார். எங்கள் ஊரில் அந்தக் காலத்து மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும் இன்றுவரை ஓடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர் அதிசயப்படுவதுண்டு. நாங்கள் அவற்றை ஆசைக்காகப் பாதுகாத்தோம் என்று சொன்னால் அது பொய். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. 1990க்குப் பிறகு போரால் பாதை அடைப்பும் பொருளாதாரத் தடையும். வேறு கார் வர வழியில்லாததால் இருந்த காரே திருத்தித் திருத்தி ஓடியது. 2020இல் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டபோது, அதுவரை கோழி அடையும் இடமாகக் கிடந்த மைனர்களுக்குக்கூட விலை ஏறிற்று.

மைனரின் உட்பக்கம் மிகவும் எளிமையானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், காரின் நீள அகலம் எடுப்பாக இல்லை என்று கருதி, மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலம் சேர்த்து அகலமாக்கினார். அதன் அடையாளமாகத்தான் இயந்திர மூடியின் நடுவில் ஒரு தட்டையான பட்டி ஓடுகிறது. 1948இல் விற்பனைக்கு வந்த அந்தச் சிறிய காரில் நான்கு பேர் தோள் இடிக்காமல் இருக்க முடிவதற்கு அந்த நான்கு அங்குலமும் ஒரு காரணம். முகப்பில், காரின் சரி நடுவில், ஒரேயொரு வட்ட மானி. வேகமும் எரிபொருளும் அதற்குள்ளேயே. இருபுறமும் பொருள் வைக்கும் குழிகள். ஸ்ராட்டரும் சோக்கும் இழுக்கும் குமிழ்கள். கதவுக்கு ரெக்சின் போர்த்த அட்டை, கூரைக்குத் துணி, இருக்கைக்குக் குழாய்ச் சட்டம். இவற்றில் ஒன்றைத் தச்சரும் ஒன்றைத் தையற்காரரும் இன்னொன்றை இரும்பு ஒட்டுவேலைக்காரரும் செய்துவிடலாம். எளிமைக்கு ஒரு தண்டனையும் உண்டு: மறைக்கப் பிளாஸ்ரிக் மூடி எதுவும் இல்லாததால், வேலை அரை அங்குலம் பிசகினாலும் ஏறி உட்காரும் முதல் ஆளுக்கே தெரிந்துவிடும்.

முன்னிருக்கையைக் கழற்றியபோது எனக்குக் கிடைத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே தவிட்டு நிறத்தில் வெடித்துப்போன ரெக்சின். அதன் கீழே சாக்குத் துணி. சாக்குக்குக் கீழே, தொழிற்சாலை வைத்த மெத்தை இருக்க வேண்டிய இடத்தில், தேங்காய்த் தும்பும் பழைய பருத்திப் பஞ்சும் கலந்து திணித்த ஒரு மூட்டை. அதைத் தூக்கினால், சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக, கயிற்றுக் கட்டிலைப் பின்னுவது போல ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிய கறுப்புப் பட்டிகள். லொறி ரியூப்பை இரண்டு அங்குல அகலத்தில் வெட்டிய பட்டிகள் அவை. ஒவ்வொன்றின் முனையும் மடித்து, சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த கொளுக்கியால் சட்டத்தில் மாட்டப்பட்டிருந்தது. 1992 அளவில் அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணை ஒருவரும் சேர்ந்து செய்த வேலை. கால் நூற்றாண்டு கழிந்தும் நடுவில் இரண்டு பட்டிகள் மட்டுமே அறுந்திருந்தன.

"முதலில் பனந்தும்புதான் வைச்சனாங்கள்" என்றார் அப்பா. "தேங்காய்த் தும்பு மெத்தை எடுக்க வழியில்லை. பனந்தும்பு சாறத்தையும் தாண்டிக் குத்தும். கொம்மா கோயிலுக்குப் போய்வந்து, இனி இந்தக் காரில் ஏறமாட்டன் எண்டிட்டா."

அந்தக் காலத்துக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள். கிடைத்தாலும் ஒரு போத்தலின் விலை வீட்டுச் செலவைத் தின்றுவிடும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்கென்று வைத்திருந்த சிறிய பிளாஸ்ரிக் போத்தல், பின்னிருக்கையின் கீழ், துணியால் சுற்றியபடி கிடந்தது. எரியாத மண்ணெண்ணெயின் மணம் கூரைத் துணியிலும், தரை விரிப்பின் கீழிருந்த கம்பளி அட்டையிலும் ஏறி, போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளியே வரும். பின்னிருக்கைச் சட்டத்தில் இடது மூலை வளைந்திருந்ததற்கும் ஒரு காரணம் கிடைத்தது: 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போன அந்த இரவில், நால்வருக்கான இந்தக் காரில் ஒன்பது பேரும் ஒரு தையல் இயந்திரமும் இருந்தார்களாம். வளைந்த சட்டத்தை நிமிர்த்தி ஒட்டுவதற்கு ஒட்டுவேலைக்காரருக்கு இருபது நிமிடம் போதுமாயிருந்தது.

இருக்கை உறைகளை நான் யாழ்ப்பாண நகரில் குஷன் வேலை செய்யும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். எழுபது வயதைத் தாண்டியவர். கட்டிலுக்கும் சோபாவுக்கும் முச்சக்கரவண்டிக்கும் தைப்பவர். ஏ40க்கும் மைனருக்கும் தைத்த கை. பழைய உறையை நான் வீட்டிலேயே வெட்டிக் கழற்றி ஒரு பையில் திணித்துக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிற்று.

"தம்பி, துணியை வெட்டக்கூடாது, நூலைத்தான் வெட்ட வேணும். இது கிழிஞ்ச துணி எண்டு நீங்கள் நினைக்கிறியள். எனக்கு இது அளவுப் புத்தகம்."

அதன் பிறகு நடந்ததை அவருடைய மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் இருந்து பார்த்தேன். வெட்டுண்ட துண்டுகளை மேசையில் பொருத்தி, ஒவ்வொன்றின் முதுகிலும் வெண்கட்டியால் எண் இட்டு, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு எந்த இடத்தில் சேரும் என்பதற்குச் சிறு கோடுகள் போட்டார். அவற்றைக் காகித அட்டையில் வைத்து வரையும்போது, பழைய துணியின் ஓரத்தை அப்படியே தொடரவில்லை. உட்காரும் இடத்தில் உறை ஐம்பது ஆண்டுகளாக இழுபட்டு அகன்றிருக்கிறது. அதன் அளவையே எடுத்தால் "புதுசும் கிழவியாத்தான் பிறக்கும்" என்றார். ஆகவே ஆட்கள் உட்காரும் நடுத் துண்டில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் குறைத்தார். உடம்பு படாத ஓரத் துண்டுகளில் எதையும் குறைக்கவில்லை. பிறகு தையலுக்கென்று எல்லாவற்றிலும் அரை அங்குலம் கூட்டினார். இந்தக் கூட்டல் கழித்தலை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ரெக்சின் என்று நாம் சொல்லும் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஹைட் நகரில் செய்யப்பட்ட, பருத்தித் துணிக்கு மேல் ஒருவகைச் செல்லுலோசுப் பூச்சு ஏற்றிய போலித்தோலின் வணிகப் பெயர். இன்று கடையில் ரெக்சின் என்று தருவது பீ.வீ.சீ. பூசிய துணி. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பீ.வீ.சீ.யை நெகிழ வைப்பதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பதார்த்தம் வெப்பத்தில் மெல்ல மெல்ல வெளியேறுவதால்தான் அது காலப்போக்கில் விறைத்து வெடிக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடியில் உட்புறமாகப் படியும் பசைபோன்ற மங்கலில் ஒரு பங்கு இதுவே. பாதுகாப்பதற்கென்று விற்கும் பளபளப்புத் திரவங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, நிழல்தான் மருந்து. நிறத்தைத் தெரிவுசெய்யும்போது கறுப்பை ஒதுக்கிவிட்டேன். சித்திரை மாதத்து மதிய வெயிலில் கறுப்பு ரெக்சினில் காற்சட்டையோடு உட்கார்ந்த பிள்ளை போடும் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர் கறுப்பை வாங்கமாட்டார். பழைய இருக்கையின் மடிப்புக்குள் வெயில் படாத ஒரு விரற்கடை அகலத்தில் அதன் முதல் நிறம் மிச்சமிருந்தது: மங்கிய மெரூன். அதற்கு நெருங்கிய நிறத்தைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே ஒரு துணிக் கடையில் பிடித்தேன்.

தையலில் ஐயா வற்புறுத்திய விடயம் ஒன்று. தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நான் நினைத்திருந்தேன். துணிக்கு அது சரி, ரெக்சினுக்குத் தவறு. ஊசி போட்ட துளை மூடாது. நெருங்கிய துளைகளின் வரிசை தபால் முத்திரையின் ஓரத்தைப் போலாகி, ஒருவர் வேகமாக உட்கார்ந்த அன்று அந்தக் கோட்டின் வழியே கிழிந்துவிடும். ஆகவே தடித்த நூல், எட்டிய தையல். ஓரங்களில் வைக்கும் பைப்பிங்குக்கு, உள்ளே பருத்திக் கயிறு வைக்காமல் நைலோன் கயிறு வைத்தார், மழைக்காலத்தில் பருத்தி ஈரத்தைக் குடித்துக் கறுக்கும் என்பதால். உறையைச் சட்டத்தில் ஏற்றும் நாளில், தைத்த உறைகளை வாசலில் வெயிலில் அரை மணி நேரம் விரித்து வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் இழுத்து மாட்டினார். குளிர்ந்தபோது அது முரசுத் தோல்போல இறுகியது.

ரியூப் பட்டிகளை என்ன செய்வது என்ற கேள்வியில் எனக்கும் இலண்டனில் இருக்கும் மைத்துனருக்கும் தொலைபேசியில் சிறு சண்டை. இங்கிலாந்தில் மைனருக்கான இருக்கைத் தாங்கி இறப்பர் முதல் முழு உட்பக்கத் தொகுதி வரை புதிதாக வாங்கலாம். அதை வாங்கி மாட்டுவதே முறை, மற்றதெல்லாம் ஒட்டுவேலை என்பது அவர் கட்சி. நான் அறுந்த இரண்டு பட்டிகளுக்குப் பதில் புதிய இரண்டை வெட்டிப் போட்டேன். அப்பா வைத்த பட்டி என்ற பாசம் காரணமில்லை. அதில் உட்கார்ந்து பார்த்தேன், நன்றாக இருந்தது. இருபத்தைந்து ஆண்டு தாங்கிய பொருளை ஏன் கழற்ற வேண்டும் என்பதற்கு மைத்துனரிடம் விடை இருக்கவில்லை. தும்பு மூட்டையை மட்டும் எறிந்துவிட்டு, இறப்பர் பால் தெளித்து அழுத்திய தும்பு மெத்தை வைத்தோம். தென்னையும் இறப்பரும் விளையும் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. காற்று ஊடாடுவதால், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது பஞ்சு மெத்தையைவிட நல்லது என்பது என் எண்ணம்.

இவ்வளவும் நன்றாகவே நடந்தது. பிழை கதவில் நடந்தது.

கதவு என்பது தண்ணீர் புகாத பெட்டி என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் கதவு தண்ணீர் புகுவதற்காகவே செய்யப்பட்டது. ஏறி இறங்கும் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பிளவில் வைத்த இறப்பர் துடைப்பான் எவ்வளவு புதிதாக இருந்தாலும், மழை கண்ணாடி வழியே வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கத்தான் செய்யும். உள்ளே இறங்கிய தண்ணீர் கதவின் அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேற வேண்டும். எங்கள் காரில் அந்தத் துளைகள், நாற்பது ஆண்டுப் புழுதியாலும் யாரோ பூசிய தடித்த வர்ணத்தாலும் அடைபட்டிருந்தன. தண்ணீர் கதவுக்குள் குளமாகி, உட்பலகையின் அடி ஓரத்தைத் தொட்டபோது, அந்த அட்டை விளக்குத் திரிபோல அதை மேலே உறிஞ்சிற்று. பலகைக்கும் தகட்டுக்கும் இடையில் முன்பு தார் பூசிய காகிதம் ஒன்று ஒட்டப்பட்டிருந்திருக்கிறது. அதன் கிழிந்த மிச்சத்தை, என்னவென்று விளங்காமல், நான்தான் சுரண்டித் துப்புரவாக்கியிருந்தேன்.

திருத்தம் மிகவும் மலிவானது. ஒரு சைக்கிள் கம்பியால் துளைகளைக் குத்தித் திறந்து, கதவின் அடியைக் கழுவி, காய வைத்து, துருத் தடுப்புப் பூசினேன். தடித்த பொலித்தீன் தாளைக் கதவின் வடிவில் வெட்டி, மேலும் பக்கங்களும் ஒட்டி, அடி ஓரத்தை மட்டும் கதவின் உள்ளே செருகிவிட்டேன். அப்போது தாளில் வழியும் தண்ணீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழும், பலகைக்கு வராது. புதிய பலகைகளுக்கு அட்டையை விட்டு மூன்று மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை எடுத்து, இருபுறமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களிலும் துளைகளின் உள்விளிம்பிலும், வார்னிஷ் இரண்டு தடவை குடிக்க விட்டேன். தச்சர் ஐந்து மில்லிமீற்றர்ப் பலகை உறுதி என்று சொல்லிப் பார்த்தார். தடித்த பலகையில் கிளிப் கதவின் துளையை எட்டாது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் வட்டத் தகடும் சரியாக உட்காராது. அந்தக் கைப்பிடியைப் பற்றி ஒரு குறிப்பு: எங்கள் காரில் அது வெளியே தெரியும் திருகாணியால் பூட்டப்படவில்லை. வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால் குறுக்கே போகும் ஒரு சிறு ஊசி தெரியும். அதைத் தட்டி எடுத்தால்தான் கைப்பிடி வரும். இதை அறியாமல் நெம்பியதில் ஒன்றை உடைத்தேன். தரையில் விழுந்த ஊசியொன்றை வாசல் மணலில் தேடிக் கடைசியில் ஒலிபெருக்கிக் காந்தத்தால் எடுத்தோம்.

முன் கண்ணாடியின் இறப்பரும் அதுபோலவே மாற்ற வேண்டியிருந்தது. இறப்பர் விறைத்துச் சுருங்கும்போது மூலைகளில்தான் முதலில் வாய் பிளக்கும். அங்கிருந்து ஒழுகும் நீர் முகப்புப் பலகையின் பின்னால், எவர் கண்ணிலும் படாமல், தரைக்கு இறங்கி விரிப்பை நனைக்கும். இந்த இடத்தில் மட்டும் மைத்துனர் வென்றார். உள்ளூரில் நீளமாக வெட்டி விற்கும் பொது இறப்பர் ஒன்றை நான் பின் கதவுக்குப் போட்டுப் பார்த்ததில் கதவு பூட்டவே மறுத்தது. அதன் குறுக்குவெட்டு வேறு. ஆகவே கண்ணாடி இறப்பரும் கதவு இறப்பர்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன, இறப்பர் பால் எடுக்கும் நாட்டுக்கு. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ல்ஸ் வேர் என்பவரின் முயற்சியோடு 1990களில் தென்னிலங்கையில் தொடங்கிய பட்டறை, மைனரின் தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவந்தது. நாங்கள் அதே ஆண்டுகளில் ரியூப்பை வெட்டிக்கொண்டிருந்தோம்.

கண்ணாடி ஏற்றும் முறை அழகானது. புதிய இறப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, உடலின் விளிம்பு செல்ல வேண்டிய பள்ளத்தில் ஒரு நீளக் கயிற்றைச் சுற்றிலும் வைத்து, அதன் இரு முனைகளையும் உள்ளே விட்டு, சவர்க்கார நீர் பூசி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வரவர, இறப்பரின் உதடு தகட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே புரளும். வெளியே நான், உள்ளே அப்பா. மூன்றாம் தடவையில்தான் சரி வந்தது. முதல் இரண்டு தடவையும் நான் அழுத்திய இடமும் அவர் இழுத்த இடமும் வேறாயிருந்தன.

கூரைத் துணியில் நான் செய்த பிழையை ஒருவருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். கூரைத் துணியின் முதுகில் குறுக்கே நாடாப் பைகள் தைத்திருக்கும். அவற்றுள் வளைந்த கம்பிகளைச் செருகி, கம்பியின் முனைகளை இருபுறச் சட்டத் துளைகளில் நிறுத்தினால் துணி தொங்கிப் பிடிக்கும். பிறகு ஓரங்களை இழுத்து ஒட்ட வேண்டும். அந்தக் கம்பிகள் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் கூரையின் வளைவு இடத்துக்கு இடம் மாறுவதால் ஒவ்வொன்றின் வளைவும் சற்றே வேறு. கழற்றும்போது முன்னிருந்து பின்னாக எண் கட்டி வைக்க வேண்டும். நான் கட்டவில்லை. இரண்டாம், மூன்றாம் கம்பிகள் மாறிப்போனதில், நடுக்கூரை தாழ்ந்து, பின்னிருக்கையில் இருப்பவரின் தலைமயிரைத் தொட்டது. ஒட்டிய ஓரம் முழுவதையும் உரித்து மறுபடி செய்தோம். ஒட்டுப்பசையிலும் கவனம் வேண்டும். தளபாடத்துக்குப் பாவிக்கும் சாதாரணப் பசை, வெயிலில் தகடு கொதிக்கும்போது இளகி, சித்திரை வருவதற்குள் துணியைக் கைவிட்டுவிடும். வெப்பம் தாங்கும் பசை கேட்டு வாங்க வேண்டும். பழைய துணியை எடுத்த அன்று அதை மதிலில் போட்டிருந்தோம். மூன்று நாளாக முற்றத்தில் மண்ணெண்ணெய் மணத்தது.

தரைக்கு மைத்துனர் சொன்ன கம்பள விரிப்பை நான் போடவில்லை. குளிர்நாட்டில் அது காலுக்கு இதம்; இங்கே அதன் கீழுள்ள கம்பளி அட்டை மார்கழி வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து தகட்டைத் தின்னும். இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடே காரைத் தாங்கும் உடம்பின் ஒரு பகுதி. ஆகவே கழற்றி உதறக்கூடிய இறப்பர் விரிப்பு, அதன் கீழ் வெறும் வர்ணம். மழை நாளில் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். ஸ்ரியரிங் வளையத்தின் வெடிப்புகளை இரட்டைப் பசையால் நிரப்பி, அரத்தாளால் தேய்த்துக் கறுப்பு அடித்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மானியின் உள்ளே மஞ்சளாகிப்போன எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டேன். தெளிவாகத் தெரிகிற ஒன்றை வெள்ளையாக்கும் ஆசையில் முள்ளை உடைத்தவர் கதைகள் எனக்குத் தெரியும்.

1960 இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்ததைக் கொண்டாட ஏறத்தாழ 350 கார்களை இளம் ஊதா நிறத்தில், வெள்ளைத் தோல் இருக்கையும் கறுப்புப் பைப்பிங்குமாக விட்டார்களாம். அந்த வெள்ளை இருக்கையை நம் ஊர்ச் செம்மண்ணில் எத்தனை நாள் வெள்ளையாக வைத்திருக்கலாம் என்று ஐயாவிடம் கேட்டேன். "கல்யாண வீட்டுக்குப் போய் வாற வரைக்கும்" என்றார்.

2019 ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த அன்று, அப்பா குடையோடு போய்க் காருக்குள் உட்கார்ந்து, கதவுகளைப் பூட்டிக்கொண்டு, தரையெங்கும் பழைய உதயன் பத்திரிகைத் தாள்களை விரித்து வைத்தார். தாள் எந்த இடத்தில் நனைகிறதோ அங்கே ஒழுக்கு. இதைவிட நல்ல சோதனை இல்லை. நான் வெளியே நின்று, மழை போதாத இடங்களுக்குக் குழாயால் தண்ணீர் அடித்தேன். அரை மணி நேரம் கழித்து அவர் கண்ணாடியைத் தட்டி, ஒரு விரலைக் காட்டினார். கதவுகள் நான்கும் காய்ந்திருந்தன. முன் கண்ணாடி காய்ந்திருந்தது. கதவுகளுக்கு இடையிலுள்ள இடப்பக்கத் தூணில், திரும்பும் பக்கத்தைக் காட்ட வெளியே நீளும் பழைய கைகாட்டி ஒளிந்திருக்கும் பிளவின் அடியிலிருந்து மட்டும் துளி துளியாக இறங்கிற்று. அந்தப் பிளவை மூடினால் கைகாட்டி வெளியே வராது. கைகாட்டியை எடுத்துவிட அவருக்கு மனமில்லை. துளி விழும் இடத்தில் ஒரு பழைய சாறத் துண்டை மடித்து வைத்தார். மழைக்காலத்தில் அதை நாளுக்கு ஒரு தடவை எடுத்துப் பிழிந்து வைப்பது அவருடைய வேலை. நான் வீட்டில் நின்றால் என்னுடையது.